ஐசி (மலேசிய அடையாள அட்டை) நம்பரை ஹாஷ் பண்ணிட்டா சேஃப்பா? செக்யூரிட்டி ரிசர்ச்ல புதுசா வர்றவங்க பண்ற தப்புங்க

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி குளுகோர்ல ஒரு மாமாக் கடை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற ஒரு பொண்ணு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அண்ணே, ஐசி நம்பர் எல்லாத்தையும் ஹாஷ் பண்ணிட்டேன், இனிமே யாரு எவருன்னு தெரியாது, டேட்டாவ ஆன்லைன்ல போட்டுரலாம்தானே?"ன்னு கேட்டுச்சு. குடிச்ச தே தாரிக் தொண்டையிலேயே நின்னுருச்சு எனக்கு. நான் மாஸ்டர்ஸ் பண்றப்போ இதே வார்த்தைய இதே தைரியத்தோட சொல்லிட்டு ஏழு மாசத்தைத் தொலைச்சவன். அதான் இத எழுதுறேன். பேக்கப் எடு, பாஸ்வேர்டை ஒட்டி வைக்காதேன்னு நான் ஆரம்பிக்கப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

ஹாஷ் பண்ணினா ஆள் மறைஞ்சிருவாங்கன்னு நம்புறது

ஹாஷ்னா ஒரு நம்பர அடையாளம் தெரியாத கோடா மாத்துறது, அதே நம்பருக்கு எப்பவும் அதே கோடுதான் வரும்; அது ஒருவழிப் பாதை, உள்ள போட்டத வெளிய எடுக்க முடியாதுன்னு லெக்சர்ல சொல்லித் தருவாங்க. சரிதான். ஷா-256ங்கிற ஹாஷ் முறைய இன்னிக்கு வரைக்கும் யாரும் உடைக்கல. ஆனா உள்ள போடுறதுக்கு மொத்தம் எத்தன நம்பர்தான் இருக்குன்னு யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

நம்ம ஐசி 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த ரெண்டு பிறந்த இடம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. மிச்சம் நாலுதான். அதுலயும் கடைசி எண் ஒத்தப்படைன்னா ஆம்பள, ரெட்டப்படைன்னா பொம்பள. அப்போ ஒருத்தரோட பிறந்த தேதியும் மாநிலமும் தெரிஞ்சா மிச்சம் இருக்கிறது வெறும் 10,000 நம்பர், ஆணா பொண்ணான்னும் தெரிஞ்சா 5,000. ஒண்ணுமே தெரியலன்னாலும் நூறு வருஷத்துப் பிறந்த நாள் எல்லாத்தையும் ஒரு மாநிலக் கோடுக்குப் போட்டா சுமார் 365 மில்லியன். மனுசனுக்கு இது பெரிய நம்பர், லேப்டாப்புக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் வரிசையா ஹாஷ் பண்ணி, ஃபைல்ல இருக்கிறதோட ஒப்பிட்டுப் பார்த்தா முடிஞ்சு போச்சு. பூட்டு நல்ல பூட்டுதான்லா, திருடன்கிட்ட மொத்தச் சாவிக் கொத்தும் இருந்தா அது பாவம் என்ன பண்ணும்?

அந்தப் பொண்ணு நம்பல. சரி, உன் ஐசிய மட்டும் ஹாஷ் பண்ணி எனக்கு அனுப்பு, நம்பர சொல்லாதேன்னேன். பினாங்குல பிறந்ததான்னு மட்டும் கேட்டேன், ஆமான்னுச்சு. வயச மனசுலயே கணக்குப் போட்டு 2000ல இருந்து 2005 வரைக்கும், 07, கடைசி எண் ரெட்டப்படை, மொத்தம் ஏறக்குறைய 11 மில்லியன். பைத்தன்ல பத்து வரி லூப். ரொட்டி சானாய் வர்றதுக்குள்ள அதோட ஐசி என் ஸ்கிரீன்ல வந்து உக்காந்துருச்சு. அது மூஞ்சி போன போக்க பார்த்து எனக்கே பாவமாப் போச்சு, ரெண்டு ரொட்டிக்கும் காசு நான்தான் குடுத்தேன்.

இது நம்ம ஊரு கத மட்டும் இல்ல. 2014ல நியூயார்க் டாக்சிங்க 2013ல போன 173 மில்லியன் சவாரியோட டேட்டா வெளிய வந்துச்சு, டாக்சி நம்பரையும் டிரைவர் லைசென்ஸையும் எம்டி5ங்கிற ஹாஷ் முறைலதான் ஹாஷ் பண்ணி குடுத்திருந்தாங்க. அந்த நம்பருங்களுக்கு ஒரு நிலையான அமைப்பு இருக்கு, நம்ம ஐசி மாதிரியே. விஜய் பாண்டுரங்கன்னு ஒரு என்ஜினியர் ரெண்டு மணி நேரத்துக்குள்ள எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டாரு. அப்புறம் இன்னொருத்தர், பிரபலங்க டாக்சி ஏறுற ஃபோட்டோல தெரிஞ்ச நம்பர வச்சே அவங்க எங்க போனாங்க, எவ்ளோ குடுத்தாங்கன்னு எடுத்துக் காட்டினாரு.

என் கத இப்படி. ஒரு இடத்துல ஆளுங்க கார்டு தட்டி உள்ள போற வர்ற லாக் எனக்குக் கிடைச்சுச்சு, இடம் எதுன்னு வேணாம். ஐசிய ஹாஷ் பண்ணினேன், ரெப்போசிட்டரில ஏத்தினேன், செமினார்ல பெருமையா ஸ்லைடு போட்டேன். மூணாவது வரிசைல உக்காந்திருந்த ஒருத்தர் பத்து நிமிஷம் தலை குனிஞ்சு என்னமோ டைப் பண்ணிட்டு, கேள்வி நேரத்துல எழுந்து, உங்க ஃபைல்ல நாலாவது ஆளு மார்ச்ல பிறந்தவரு, ஜொகூர்க்காரரு, சரியா தம்பின்னு கேட்டாரு. ரூம்ல ஒரு சத்தம் இல்ல. அன்னிக்கு ராத்திரியே ஃபைல எடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள எத்தன பேர் டவுன்லோட் பண்ணியிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் எதிக்ஸ் கமிட்டி, அந்த லாக்ல இருந்த எல்லாருக்கும் விளக்கக் கடிதம், பேப்பர வாபஸ் வாங்குறது, டேட்டாவ மொதல்ல இருந்து சேர்க்கிறதுன்னு ஏழு மாசம் ஓடிருச்சு.

இன்னும் எரிச்சல் வர்றது எதுக்குத் தெரியுமா, இதச் சொன்ன உடனே வர்ற பதிலுக்கு. "அண்ணே நான் சால்ட் போட்டிருக்கேன்." சால்ட்னா ஹாஷ் பண்றதுக்கு முன்னாடி நம்பரோட சேர்க்கிற கூடுதல் எழுத்துங்க. எங்க போட்டிருக்கே? அதே ஸ்கிரிப்ட்ல, மூணாவது வரில, எல்லாருக்கும் ஒரே சால்ட், ஸ்கிரிப்டும் டேட்டாவோட சேர்ந்து பப்ளிக். உப்பு டப்பாவ மேசை மேலயே வச்சுட்டு யாரும் தொடக்கூடாதுன்னா எப்படி?

பண்ண வேண்டியது இதுதான். ஐசி தேவையே இல்லன்னா வாங்காதீங்க, பாதிப் பிரச்சன அங்கேயே போச்சு. ஆள அடையாளம் வச்சுக்கணும்னா சும்மா ரேண்டமா ஒரு நம்பர் குடுங்க, எந்த நம்பர் எந்த ஆளுங்கிற பட்டியல தனியா வேற இடத்துல பூட்டி வைங்க, வேல முடிஞ்சதும் அழிங்க. கண்டிப்பா ஹாஷ்தான் வேணும்னா எச்மேக், அதாவது ரகசியச் சாவியும் சேர்த்துப் பண்ற ஹாஷ், சாவி டேட்டா பக்கமே வரக்கூடாது. இதெல்லாம் பண்ணினாலும் ஃபைல்ல இருக்கிற மத்த விவரங்கள் ஆளக் காட்டிக் குடுக்கும். லதான்யா ஸ்வீனிங்கிற பிரைவசி ஆராய்ச்சியாளர் 2000லேயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்க, தபால் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பொண்ணா, இந்த மூணு போதும், அமெரிக்காவுல 87 சதவீதம் பேர தனித்தனியா பிரிச்சிரலாம்னு.

அந்தப் பொண்ணு போன வாரம் புது ஃபைல் அனுப்பிச்சு. அதுல ஐசியே இல்ல, நல்ல பிள்ள. பிறந்த தேதி மட்டும் நாள், மாசம், வருஷத்தோட அப்படியே இருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்.

99% அக்யூரசின்னு குதிக்கிறது

ஒரு நெட்வொர்க்ல ஒரு மில்லியன் நிகழ்வு, அதுல 10 தான் நெசமான தாக்குதல்னு வைங்க. தாக்குதலக் கண்டுபிடிக்க நீங்க எழுதின டிடெக்டர் நல்லத நூத்துல ஒரு தடவ தப்பாப் பிடிக்குது. அப்போ 10 திருடனப் பிடிக்க கிட்டத்தட்ட 10,000 அப்பாவிங்க மேல அலாரம் அடிக்கும், அத உக்காந்து பார்க்கிற ஆளு ரெண்டாம் நாளே அலாரத்த ஆஃப் பண்ணிருவான். ஸ்டெஃபான் ஆக்சல்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத 1999லேயே எழுதிட்டாரு. இன்னும் ஸ்லைடுல 99 சதவீதம் மட்டும் பெரிய எழுத்துல வருது, இந்தத் தப்பு அலாரம், அதான் ஃபால்ஸ் பாசிட்டிவ், எங்கடான்னா அப்பெண்டிக்ஸ்ல.

கேடிடி கப் 99

தாக்குதல் டிடெக்டருங்களப் பழக்கவும் சோதிக்கவும் எல்லாரும் எடுக்கிற, 1998ல செயற்கையா உருவாக்கின நெட்வொர்க் ட்ராஃபிக்குல இருந்து வந்த டேட்டாசெட். ட்ரெயினிங்ல சுமார் 78 சதவீதம், டெஸ்ட்ல சுமார் 75 சதவீதம் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது, 2009லயே கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க அத யூஸ் பண்ற வயசுல அதுக்கு உங்கள விட வயசு ஜாஸ்தி. விட்டுருங்க.

எதிரி யாருன்னு எழுதாம விடுறது

யாருகிட்ட இருந்து காப்பாத்துறீங்கன்னு ஒரு பத்தி எழுதுங்க. எழுத வரலன்னா உங்ககிட்ட இன்னும் ப்ராஜெக்டே இல்ல.

எதிக்ஸ் ஃபார்ம அப்புறம் போட்டுக்கலாம்

அப்புறம்னு ஒண்ணு இல்ல.

"சும்மா ஒரு ஸ்கேன்தானே"

பக்கத்து கம்பெனி வைஃபை, காலேஜ் சர்வர், பயான் லெப்பாஸ்ல நண்பன் வேல செய்ற ஃபேக்டரி, எதுவா இருந்தாலும் எழுத்துல அனுமதி இல்லாம கை வைக்காதீங்க. நம்ம நாட்டுல 1997ம் வருஷத்துக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம உள்ள நுழைஞ்சாலே 50,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்ல அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். "நண்பன் வாட்சப்ல ஓகே சொன்னான்"னு ஒரு பையன் என்கிட்ட சொன்னான். அந்த நண்பன் அங்க இன்டர்ன்.