துயரப் படத்துக்கு விலை பேசும் முன்

வெள்ளத்திலோ தீவிபத்திலோ நீங்கள் எடுத்த படத்தை யாரேனும் விலைக்குக் கேட்டால், அதை எங்கே, எதற்காக வெளியிடப் போகிறார் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு தொகையைப் பேசுங்கள். செய்திக்கு விற்பதில் நடந்ததை ஊருக்குத் தெரிவிக்கும் கடமை அடங்கியிருக்கிறது. விளம்பரத்துக்கோ வரவேற்பறைச் சுவருக்கோ விற்பதானால், படத்தில் இருப்பவரின் ஒப்புதல் இல்லாமல் தரவே கூடாது என்பேன்.

1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், அரசுப் பணியாக அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோரதியா லேங் ஒரு தாயைப் படமெடுத்தார். மடியில் கைக்குழந்தை, இரு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தோள்களில் சாய்ந்திருக்கிறார்கள், அவரோ கன்னத்தில் விரல் பதிய எங்கோ பார்க்கிறார். லேங் பெயரைக் கேட்கவில்லை. படங்கள் நாளிதழில் வந்தபின் அம்முகாமுக்கு 20,000 பவுண்டு (சுமார் 9,000 கிலோ) உணவு போய்ச் சேர்ந்தபோது, அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பியிருந்தது. அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அரசின் படம் என்பதால் லேங்குக்கும் உரிமைத்தொகை இல்லை. ஆனால் 1998-இல் அதன் அச்சுப்பிரதி ஒன்று 2 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆகவே பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்றையும் அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பிணத்தருகே அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்க வாய் வராது. பக்கத்து வீட்டாரிடம் கேட்கலாம். அந்த நிலையில் அவர் தலையசைத்திருந்தாலும் அதைச் சம்மதமாகக் கொள்ளாமல், சில வாரம் கழித்து அச்சிட்ட படத்தோடு நேரில் போய், யார் கேட்கிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

பணம் கொடுப்பதுதான் சிக்கலானது. எடுப்பதற்கு முன் கொடுத்தால் துயரமே நடிப்பாகிவிடும் என்பதால், விற்றபின் ஒரு பங்கைக் குடும்பத்துக்குக் கொடுப்பதே நல்லது; செய்திப் படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயணச் செலவுக்கே காணாது என்பது வேறு கதை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரையும், அவ்வழக்குகளில் வரும் குழந்தைகளையும் அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது இந்தியாவில் குற்றம். அதற்கு விலையே பேச வேண்டாம்.

ஒப்பந்தத்தில் ஒரு முறை வெளியீடு, இன்ன இதழ், மாற்றக்கூடாத படக்குறிப்பு என வரையறுத்துவிட்டு, முகவரிடம் கொடுக்கும் கோப்பிலும் ‘செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று பதியுங்கள். பின்னாளில் குடும்பத்தார் வேண்டாம் என்றால், விற்றுப்போனதைத் திரும்பப் பெற முடியாவிட்டாலும், புதிதாக யாருக்கும் விற்காமல் அன்றே நிறுத்திவிடலாம்.