பட்டா நிலத்துத் தேக்கை விற்பது எப்படி: விலைக்கு முன் அளவு

வரப்போரத்தில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நட்ட தேக்கு மரங்களை முதன்முறையாக விற்க நினைக்கும் தமிழ்நாட்டு விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் நின்ற பதினான்கு தேக்குகளை என் தந்தையார் கண்மதிப்பாக, மொத்தத் தொகை பேசி விற்றார். அந்த மரங்களில் எத்தனை கன அடி இருந்தது என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகள் வளர்த்த எங்களுக்குத் தெரியவில்லை.

1. மரம் உங்களுடையதுதானா?

பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரமும் எல்லைக்கு உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள். வாய்க்கால் கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ நிற்கும் மரத்துக்கு நீங்களே தண்ணீர் ஊற்றியிருந்தாலும் அதை விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் அனைவரின் கையெழுத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். லாரி வந்து நிற்கும்போது எழும் பேச்சு எளிதில் தீராது.

2. எந்த மரத்துக்கு எந்த அனுமதி?

தேக்கைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுசெல்ல, 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். வழக்கில் இதைப் பர்மிட் என்பார்கள். வெட்டுவதற்கு முன்பே உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு நில ஆவணங்களுடன் சென்று, எந்தச் சான்றுகள் தேவை என்று கேட்டு விண்ணப்பியுங்கள். சந்தன மரம் உங்கள் பட்டாவிலேயே நின்றாலும் நீங்களாக வெட்டி விற்க முடியாது. அதை வனத்துறை வழியாகத்தான் விற்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதித்த பிறகே மரத்தில் கை வைக்க வேண்டும்.

3. அளவு

இந்தப் படியில்தான் பணம் கூடுவதும் குறைவதும் முடிவாகிறது; எனவே ஒரு நாள் முழுவதும் இதற்கே ஒதுக்குங்கள். துணி தைப்பவர்கள் பயன்படுத்தும் அளவு நாடா போதும். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பினால் எண் எழுதி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை அளந்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இது மரங்களை ஒப்பிட்டுப் பார்க்கவே உதவும். கன அடியைக் கணக்கிட, விற்கத் தகுந்த நேரான பகுதியின் நடுவில் உள்ள சுற்றளவு வேண்டும். அதற்கு ஏணி வைத்து ஏறித்தான் அளக்க வேண்டும்.

வியாபாரத்தில் வழங்கும் கணக்கு, சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது. சுற்றளவை அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் வைத்துக்கொண்டால், சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 2304 என்பது கன அடியைத் தரும். நடுச் சுற்றளவு 36 அங்குலமும் நீளம் 10 அடியும் உள்ள கட்டையில் இதன்படி 5.6 கன அடி வருகிறது. அதே கட்டையின் உண்மையான உருளைக் கன அளவோ ஏறத்தாழ 7.2 கன அடி. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான இந்தக் குறைவு ஏமாற்று அல்ல. அறுக்கும்போது விழும் கழிவுக்காகக் காலங்காலமாக ஏற்கப்பட்ட தள்ளுபடி. ஆனால் இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் ‘அறுவைக் கழிவு’ என்று இன்னொரு முறை குறைக்க வந்தால், ஒரே கழிவை இருமுறை கழிப்பதாக உறுதியாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். பட்டைக்குக் கழிவு கேட்பது வேறு. அது எத்தனை அங்குலம் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம்.

சுற்றளவு தன்னாலேயே பெருக்கப்படுவதால், நாடாவில் நேரும் சிறு பிழை கணக்கில் பெரிதாகிவிடுகிறது. மேலே சொன்ன கட்டையை 34 அங்குலம் என்று எழுதினால் 5 கன அடிதான் வரும். இரண்டு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே வியாபாரி அளக்கும்போது நாடாவின் மறுமுனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

4. விலை பேசுதல்

குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். அவர்களில் ஒருவர் மரவாடியோ அறுவை மில்லோ நடத்துபவராக இருப்பது நல்லது. மொத்தத் தொகையாகக் கேட்காமல், கன அடிக்கு என்ன விலை, எந்தச் சுற்றளவுக்கு மேல் விலை கூடுகிறது என்று கேளுங்கள். இளம் தேக்கில் வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகமாகவும், வைரம் எனப்படும் கெட்டியான நடுப்பகுதி குறைவாகவும் இருப்பதால், பருத்த மரத்துக்குக் கன அடி விலையே கூடுதலாகக் கிடைக்கும். நல்ல மரங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ள விட்டால், மீதி மரங்களுக்கு ஆள் கிடைப்பது கடினம். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, பர்மிட் செலவு யாருடையவை, கிளையும் விறகும் யாருக்கு என்பவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சவுக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அது டன் கணக்கில் விற்பதால், வெட்டிய கட்டை காயக் காய உங்கள் பணமும் குறைகிறது. வெட்டிய அன்றே எடைமேடைக்கு அனுப்புங்கள். வெற்று லாரியின் எடையையும் உடன் நின்று பாருங்கள்.

5. வெட்டும் நாள்

அருகில் மின்கம்பி சென்றால் மின்வாரியத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடிப்பகுதியே மிகப் பருமனானது என்பதால், தரையை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். கட்டைகளைத் துண்டாக்கியதும் மறுபடி அளந்து, உங்கள் நோட்டிலுள்ள எண்ணோடு சரிபார்த்து, முழுப் பணமும் வந்த பிறகே ஏற்ற அனுமதியுங்கள். பர்மிட்டின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பின் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையான தூரையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்க வேண்டாம். தேக்கின் தூர் மீண்டும் தளிர்க்கும். நீர் தேங்காதபடி அதைச் சற்றுச் சாய்வாகச் சீவிவிட்டு, எழும் தளிர்களில் நேரான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டால், அடுத்த மரம் அதே வேரில் வளரத் தொடங்கும்.