உயர்கல்வி பற்றி முதல் சஞ்சிகைக் கட்டுரை: கிழக்கிலிருந்து எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரத்தில் மட்டக்களப்பு பஸ் நிலையத்திலோ கல்முனைத் தேநீர்க்கடையிலோ கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணிக்கும் புள்ளி) எவ்வளவு, எந்தக் கெம்பஸ் கிடைக்கும், விடுதி தருவார்களா என்பதுதான் பேச்சாக இருக்கும். பேசுகிற அளவுக்கு நாம் எழுதுவதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 முதல் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு. இவற்றுக்குப் போகிற பிள்ளைகளின் பிரச்சினைகளைக் கிட்ட இருந்து பார்ப்பவர்கள் நாம்தான், ஆகவே எழுத வேண்டியவர்களும் நாம்தான். மாணவர், ஆசிரியர், டியூஷன் நடத்துபவர், பெற்றோர் என யாரும் எழுதலாம்.

1. ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

‘இலங்கையில் உயர்கல்வி எதிர்நோக்கும் சவால்கள்’ என்று தலைப்புப் போட்டால் அது பரிசளிப்பு விழாப் பேச்சாகத்தான் முடியும். ஒரே கட்டுரையில் பதில் தேடக்கூடிய கேள்வி வேண்டும். வந்தாறுமூலையைச் சுற்றி ஒரு தங்கறைக்கு மாணவர்கள் என்ன வாடகை கொடுக்கிறார்கள்? மகாபொல உதவித்தொகை மாதத்தில் எத்தனை நாள் சாப்பாட்டுக்குப் போதும்? வெளிவாரிப் பட்டம் படிப்பவர்களில் எத்தனை பேர் கடைசி வருடம் வரை வருகிறார்கள்?

இங்கே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கடைசி வரை கொண்டுபோவோம்: உயர்தரத்தின் கடைசித் தாளை எழுதிய நாளிலிருந்து முதல் விரிவுரை வரை ஒரு பிள்ளை எவ்வளவு காலம் காத்திருக்கிறது, அந்தக் காலத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? எல்லா வீட்டுக்கும் தெரிந்த பிரச்சினை, அதோடு திகதிகளை வைத்து நிறுவக்கூடியது. முதல் கட்டுரைக்கு இப்படி ஒன்றுதான் ஏற்றது.

2. திகதிகளையும் ஆவணங்களையும் சேருங்கள்

ஒரு தாளில் பரீட்சை முடிந்த நாள், பெறுபேறு வந்த நாள், வெட்டுப்புள்ளி (அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி) வெளியான நாள், பதிவு நடந்த நாள், முதல் விரிவுரை நாள் என்று ஐந்து கட்டம் கீறுங்கள். இப்போது நிரப்பத் தொடங்குங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘2022ஆம் ஆண்டு உயர்தரம்’ நடந்தது 2023 ஜனவரி 23 முதல் பெப்ரவரி 17 வரை. பெயரில் உள்ள ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டுரையின் அடித்தளமே பிழைத்துவிடும். அதன் பெறுபேறு 2023 செப்டம்பர் 4இல் வந்தது. ஏறக்குறைய ஆறரை மாதம். வரிக் கொள்கையை எதிர்த்துப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்துவதிலிருந்து விலகி நின்றது அந்தத் தாமதத்துக்கு முக்கிய காரணம். அடுத்த அணியின் பரீட்சை, அதாவது ‘2023ஆம் ஆண்டு உயர்தரம்’, 2024 ஜனவரியில் நடந்தது, பெறுபேறு மே 31இல் வந்தது. அது நான்கு மாதம். அதற்கடுத்த பரீட்சை 2024 நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பர் 4இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த வெள்ளத்தில் கிழக்கு பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த நாட்களில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

பாருங்கள், இரண்டு கட்டம் நிரம்பியதுமே கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு அணிக்கு ஆறரை மாதம், அடுத்த அணிக்கு நான்கு. ஏன் இந்த வித்தியாசம் என்று வாசகரே கேட்பார்.

திகதிகள் பரீட்சைத் திணைக்கள அறிவித்தல்களிலும் அந்தந்த நாள் பத்திரிகைகளிலும் கிடைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூலைக் கட்டாயம் வாசியுங்கள். தமிழிலும் வருகிறது. அனுமதி முறை பற்றி ஊரில் உலவும் கதைகளில் பாதி அதை வாசிக்காததால் வருவது. ‘மாவட்டக் கோட்டா’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் மூன்றாகப் பிரிகின்றன: 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16இல் அடங்கும். எல்லாக் கற்கைநெறிக்கும் இந்தப் பங்கீடு பொருந்தாது. ஆகவே நீங்கள் எழுதும் பாடத்துக்கு எது பொருந்தும் என்று கைநூலில் பார்த்த பிறகே எழுதுங்கள்.

இன்னொரு சுரங்கம், தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கைகள். ஒவ்வொரு அரச பல்கலைக்கழகத்துக்கும் வருடாந்தம் அறிக்கை உண்டு. நிரப்பப்படாத பதவிகள், முடிக்கப்படாத கட்டடங்கள், செலவழிக்காமல் கிடக்கும் பணம் எல்லாம் அதில் இருக்கும். நடை வரண்டதுதான், ஆனாலும் பொறுமையாக வாசியுங்கள். ஒரு அறிக்கையில் மூன்று கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும்.

3. கிடைக்காததைக் கேட்டு வாங்குங்கள்

முதல் விரிவுரை நாள் பெரும்பாலும் பொது வெளியில் இருக்காது. அதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் இருக்கிறார், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘விரிவுரைகள் ஏன் தாமதமாகத் தொடங்குகின்றன?’ என்று கேட்டால் ‘நிர்வாகக் காரணங்கள்’ என்று ஒரு வரி வரும். இப்படிக் கேளுங்கள்: ‘2022, 2023 உயர்தர அணிகளில் அனுமதி பெற்ற மாணவர்களுக்கு முதலாம் வருட விரிவுரைகள் தொடங்கிய திகதிகளைப் பீடம் வாரியாகத் தரவும்.’ கோப்பில் இருக்கும் ஒன்றைக் கேட்டால் நழுவுவது கடினம். நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கான உறுதிப்படுத்தலை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். பதில் வர நாளெடுக்கும், எனவே இந்த வேலையை முதலிலேயே தொடங்கிவிட்டு மற்றவற்றைச் செய்யுங்கள்.

4. ஆட்களிடம் பேசுங்கள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒருவர், மேற்கே படுவான்கரையில் ஒருவர், சம்மாந்துறை அல்லது அக்கரைப்பற்றுப் பக்கம் ஒருவர் என்று வேறு வேறு வீடுகளுக்குப் போங்கள். தெரிந்த நண்பர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாப் பதிலும் ஒரே மாதிரி இருக்கும்.

‘காத்திருந்த காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான்’ என்பார்கள், அதோடு சரி. ‘அந்த மாதங்களில் காலையில எழும்பி என்ன செய்வீங்க, தங்கச்சி?’ என்று கேளுங்கள். கடையில் நின்றது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, தையல் பழகியது, கலியாணப் பேச்சு வந்து வீட்டில் தர்க்கம் நடந்தது என்று ஒவ்வொன்றாக வெளிவரும். ஒரு தாய் ‘படிச்ச புள்ளைய எத்தன நாளைக்கு இப்பிடி வெச்சிருக்கிற? மறுகா ஆரு பதில் சொல்ற?’ என்று கேட்டால் அதை அப்படியே எழுதுங்கள். உங்கள் விளக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது.

பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நம் ஊர்கள் சின்னவை. ‘ஒலுவிலில் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம், வாகரையைச் சேர்ந்த மாணவி’ என்று எழுதினால் பெயரை மறைத்தும் பயனில்லை. ஊரையோ பீடத்தையோ ஒன்றை விட்டுவிடுங்கள். பேச்சுக்கிடையில் பகிடிவதை பற்றி யாராவது சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். நீங்கள் எழுதும் ஒரு விவரத்தால் அந்தப் பிள்ளை மறுபடி வதைபடக்கூடாது. கட்டுரையை விட அதன் பாதுகாப்பு பெரிது.

நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். பதிவாளருக்கு இரண்டு, மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பி நியாயமான அவகாசம் கொடுங்கள். பதில் வந்தால் சுருக்காமல், திரிக்காமல் சேருங்கள். வராவிட்டால் எந்தத் திகதியில் கேட்டீர்கள் என்று கட்டுரையில் குறிப்பிடுங்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குப் போட இன்னும் இடமுண்டு. ஒரு ஆளைக் குற்றம் சாட்டும் வரி எதுவானாலும் ஆவணம் கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

5. எழுதுங்கள்

‘கல்வி என்பது ஒரு சமூகத்தின் கண்’ என்று தொடங்க வேண்டாம். அதற்குப் பதிலாக, சேர்த்த திகதிகளிலிருந்தே தொடங்கலாம்:

*‘2023 பெப்ரவரி 17ஆம் திகதி கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த பிள்ளைக்குப் பெறுபேறு கிடைத்தது செப்டம்பர் 4ஆம் திகதி. இடையில் பெரும்போக வேளாண்மை வெட்டி, சிறுபோகம் விதைத்து, அதுவும் அறுவடைக்கு வந்துவிட்டது.’*

இதில் புலம்பல் இல்லை, ஆனாலும் காலத்தின் நீளம் நம் வாசகருக்கு உடனே புரிகிறது. அப்புறம் ஒரு வீட்டைக் காட்டுங்கள், பிறகு ஐந்து கட்டத் திகதிகள், அதன் பின் காரணங்கள், நிர்வாகத்தின் பதில். என்ன செய்யலாம் என்ற உங்கள் கருத்தைக் கடைசியில் வையுங்கள். ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், எந்தக் கட்டத்தில் எவ்வளவு நாள் குறைக்கலாம், அது யார் கையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். 1200 முதல் 1500 சொல் போதும்.

6. சஞ்சிகையைத் தேர்ந்து அனுப்புங்கள்

மட்டக்களப்பிலிருந்து வரும் மகுடம், யாழ்ப்பாணத்தின் ஜீவநதி, கொழும்பின் ஞானம் போன்றவை இலக்கியத்துக்கு முதலிடம் கொடுப்பவை. நடைமுறைப் பிரச்சினைக் கட்டுரைக்கு வீரகேசரி, தினகரன் போன்றவற்றின் ஞாயிறு பதிப்புகளும் பொருந்தும். பல்கலைக்கழக ஆய்விதழ்கள் வேறு வகை. அங்கே மேற்கோள் முறை, மதிப்பீட்டாளர் பரிசீலனை எல்லாம் உண்டு. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் ஏராளமாக இருக்கின்றன. அனுப்ப நினைக்கும் இதழில் நாலைந்தைத் திறந்து, கட்டுரையின் நீளத்தையும் தொனியையும் பாருங்கள்.

எழுத்துரு விஷயத்தை மறக்க வேண்டாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரை எதிர்ப்பக்கக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கலாம். யூனிகோடில் அடித்து, வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பாமினி வேண்டும் என்று அவர்கள் கேட்டால் மாற்றிக் கொடுக்கலாம். படங்களைத் தனிக் கோப்பாக இணைத்து, எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுங்கள். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: கட்டுரை எதைப் பற்றியது, என்ன புதிய தகவல் இருக்கிறது, நீங்கள் யார், தொலைபேசி எண். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாதமாகியும் சத்தமில்லை என்றால் மரியாதையாக ஒரு அழைப்பு எடுத்து விசாரித்துவிட்டு வேறு இதழைப் பாருங்கள்.

பெரும்பாலான சிறுசஞ்சிகைகள் எழுதுபவருக்குப் பணம் கொடுக்கும் நிலையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

7. வெளிவந்த பிறகு

ஆசிரியர் தலைப்பை மாற்றியிருக்கலாம், பந்திகளை வெட்டியிருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணோ திகதியோ மாறியிருந்தால் பொறுக்க வேண்டாம், உடனே எழுதி அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லுங்கள். பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியோ படமோ அனுப்புங்கள். பதிவாளருக்கும் மாணவர் ஒன்றியத்துக்கும் அனுப்புங்கள். தகவல் விண்ணப்பத்துக்கு வந்த பதில், குறிப்பேடு, ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த அணியின் பெறுபேறு வந்ததும் அதே ஐந்து கட்டத்தையும் மறுபடி நிரப்பலாம்.