பிலிப்பைன்ஸ் எஸ்.எஸ்.எஸ். சந்தா: சம்பளச் சீட்டிலிருந்து ஓய்வூதியம் வரை

பிலிப்பைன்ஸில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டில், வருமான வரியைத் தவிர மூன்று கட்டாயப் பிடித்தங்கள் இருக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கான ஃபில்ஹெல்த்துக்கு 2025-இல் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம். அதைத் தொழிலாளியும் நிறுவனமும் சரிபாதியாகக் கட்டுகிறார்கள். சேமிப்புக்கும் வீட்டுக் கடனுக்குமான பாக்-இபிக் நிதிக்கு இரு தரப்பும் கட்டாயமாகக் கட்ட வேண்டியது ஆளுக்கு அதிகபட்சம் 200 பெசோ. இவ்விரண்டிலும் குழப்பத்துக்கு அதிக இடமில்லை. மூன்றாவதான எஸ்.எஸ்.எஸ்., அதாவது சோஷியல் செக்யூரிட்டி சிஸ்டம், அப்படிப்பட்டதல்ல. நோய், பிரசவம், ஊனம், வேலையிழப்பு, முதுமை, மரணம் ஆகிய அனைத்துக்குமான பாதுகாப்பு இந்த ஒரே பிடித்தத்தில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி இருப்பதால், பணம் கட்டிக்கொண்டே இருந்தும் உரிய நேரத்தில் உதவி கிடைக்காமல் போகும் நிலை ஏற்படுகிறது.

இந்த அமைப்புக்கு அடிப்படையான குடியரசுச் சட்டம் 1161, ரமோன் மக்சாய்சாய் அதிபராக இருந்த 1954-இல் நிறைவேறியது. திட்டம் நடைமுறைக்கு வந்தது 1957 செப்டம்பர் 1 அன்று. இப்போது நடப்பில் இருப்பது, 2019 மார்ச்சில் அமலுக்கு வந்த குடியரசுச் சட்டம் 11199. அரசு ஊழியர்களுக்கு ஜி.எஸ்.ஐ.எஸ். என்ற தனி அமைப்பு இருப்பதால், இங்கே சொல்லப்படுபவை அவர்களுக்குப் பொருந்தா.

நம் ஊர் வருங்கால வைப்பு நிதியைப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வைப்பு நிதியில் ஒருவர் கட்டிய தொகை அவர் பெயரிலேயே வட்டியுடன் சேர்ந்துகொண்டு போகும். எஸ்.எஸ்.எஸ். அடிப்படையில் ஒரு காப்பீடு. அங்கே ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன: எத்தனை மாதம் கட்டியிருக்கிறார், எந்தச் சம்பள நிலையில் கட்டியிருக்கிறார், எந்த மாதங்களில் கட்டியிருக்கிறார். மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. குறுகிய கால உதவிகளில் முடிவைச் சொல்வது அந்தக் கேள்விதான்.

சம்பளச் சீட்டைப் படிக்கும் முறை

2025 ஜனவரி முதல் சந்தா விகிதம் 15 சதவீதம். இதில் நிறுவனத்தின் பங்கு 10, தொழிலாளியின் பங்கு 5. 2019 வரை 11 சதவீதமாக இருந்ததைப் படிப்படியாக உயர்த்துவதற்கு மேற்சொன்ன சட்டம் வகுத்த அட்டவணையின் கடைசிப் படி இதுவே. ஆனால் இந்த விகிதம் நேரடியாகச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. சம்பளம் எந்த வரம்புக்குள் விழுகிறதோ, அந்த வரம்புக்கு உரியதாக எஸ்.எஸ்.எஸ். அட்டவணை குறிப்பிடும் ஒரு முழுத் தொகையின் மீதே கணக்கு நடக்கிறது. அட்டவணையில் 'மந்த்லி சாலரி கிரெடிட்' என்று இருக்கும் இத்தொகையை இங்கே கணக்குச் சம்பளம் என்று குறிப்பிடுகிறேன். இது 5,000 பெசோவில் தொடங்கி, ஐந்நூறு ஐந்நூறாக ஏறி, 35,000-இல் முடிகிறது. 34,750 பெசோவும் அதற்கு மேலும் வாங்குபவர்கள் எல்லாருக்கும் கணக்குச் சம்பளம் 35,000 மட்டுமே.

செபு நகரத்துக் கடையொன்றில் காசாளராக இருக்கும் ஒருவருக்கு மாத ஊதியம் 18,300 பெசோ என்று வைத்துக்கொள்வோம். அது 18,250 முதல் 18,749.99 வரையிலான வரம்பில் விழுவதால், அவருடைய கணக்குச் சம்பளம் 18,500. அதில் 5 சதவீதமான 925 பெசோ அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். நிறுவனம் 1,850 பெசோ தன் கையிலிருந்து போட வேண்டும். இதைத் தவிர, பணியிடத்து விபத்துக்கும் தொழில்சார் நோய்க்குமான இ.சி. திட்டத்துக்கு நிறுவனம் தனியாக 30 பெசோ கட்ட வேண்டும். கணக்குச் சம்பளம் 15,000-க்குக் கீழே இருந்தால் இது 10 பெசோ. இந்த இ.சி. தொகையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சீட்டில் 925-க்குப் பதிலாக 955 என்று இருந்தால், உடனே சம்பளப் பிரிவில் விளக்கம் கேட்கலாம்.

கணக்குச் சம்பளம் 20,000-ஐத் தாண்டினால் கணக்கு இரண்டாகப் பிரியும். 28,000 பெசோ வாங்குபவருக்கு முதல் 20,000-க்கான 3,000 பெசோ வழக்கமான காப்பீட்டு நிதிக்குப் போகிறது. எஞ்சிய 8,000-க்கான 1,200 பெசோ, 2021-இல் தொடங்கப்பட்ட கட்டாயச் சேமிப்புக் கணக்கில் அவர் பெயரில் சேர்கிறது. வைப்பு நிதியை ஒத்திருப்பது இந்த இரண்டாவது பகுதி மட்டும்தான். மகப்பேறு உதவி, மாத ஓய்வூதியம் போன்றவற்றைக் கணக்கிடும்போது 20,000 வரையிலான பகுதியையே எடுத்துக்கொள்வார்கள்.

சுயதொழில் செய்பவர் இரு பங்குகளையும் தாமே கட்ட வேண்டும். மிகக் குறைந்த நிலையில் அது மாதம் 750 பெசோ, இ.சி. சேர்த்து 760. வேலையை விட்டு நின்றவர் தன்னார்வ உறுப்பினராகத் தொடரலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2013-ஆம் ஆண்டின் கசம்பஹாய் சட்டம் ஒரு முக்கியமான சலுகையைத் தந்திருக்கிறது: மாதச் சம்பளம் 5,000 பெசோவுக்குக் குறைவாக இருந்தால் மொத்தச் சந்தாவும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்களுக்கும் இப்போது எஸ்.எஸ்.எஸ். கட்டாயமாகும். கப்பலில் வேலை செய்பவருக்கு, அவரை வேலைக்கு அனுப்பிய மணிலா முகமை நிறுவனமே சட்டப்படி முதலாளியின் இடத்தில் நின்று சந்தாவுக்குப் பொறுப்பேற்கிறது. நிலப்பகுதியில் வேலை செய்பவர் 15 சதவீதத்தையும் பொதுவாகத் தாமே கட்டுகிறார். அவருக்குக் குறைந்தபட்சக் கணக்குச் சம்பளம் 8,000 என்பதால் மாதம் 1,200 பெசோவுக்குக் குறையாது. ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, கனடா போன்ற நாடுகளுடன் பிலிப்பைன்ஸ் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அங்கே வேலை செய்தவர்கள், ஓய்வூதியத் தகுதிக்காக இரு நாட்டுச் சந்தாக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட முடியுமா என்று விசாரிப்பது நல்லது.

எந்த மாதம் கணக்கில் வரும்

நிறுவனம் ஒரு மாதத்துச் சந்தாவை அடுத்த மாதக் கடைசிக்குள் செலுத்த வேண்டும். சுயதொழில் செய்பவரும் தன்னார்வ உறுப்பினரும் மாதந்தோறுமோ காலாண்டுக்கு ஒரு முறையோ கட்டலாம். அவர்களுக்கும் கெடு, அந்த மாதத்துக்கோ காலாண்டுக்கோ அடுத்த மாதக் கடைசி. அதைத் தவறவிட்டால் போன மாதம் போனதுதான், பின்னால் சேர்த்துக் கட்ட வழியில்லை. நிலப்பகுதியில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மட்டும் விதி தளர்வானது: ஓராண்டுக்கான சந்தாவை அந்த ஆண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலானதை அடுத்த ஜனவரி 31 வரை கட்டலாம். தாமாகக் கட்டும் எல்லாரும் முதலில் மை.எஸ்.எஸ்.எஸ். இணையக் கணக்கில் பி.ஆர்.என். எனப்படும் கட்டண எண்ணை எடுத்துக்கொண்டு, அதை வைத்தே வங்கியிலோ ஜிகேஷ் போன்ற செயலியிலோ செலுத்த வேண்டும். எந்தெந்த மாதங்களுக்கான பணம் என்பது அந்த எண்ணிலேயே பதிந்திருப்பதால், மாதங்களைச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மகப்பேறு உதவியைக் கொண்டு பார்க்கலாம். பிரசவம் நிகழும் காலாண்டையும் அதற்கு முந்தைய காலாண்டையும் சேர்த்து ஓர் அரையாண்டாகக் கொள்கிறார்கள். அந்த அரையாண்டுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது மூன்று மாதச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பிரசவம் என்றால், அரையாண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கணக்கில் வரும் பன்னிரண்டு மாதங்கள் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. கருவுற்றது தெரிந்த பிறகு பதறிப்போய் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குச் சந்தா கட்டும் பெண்ணுக்கு அந்த மூன்று மாதங்களால் இந்தப் பிரசவத்தில் ஒரு பெசோவும் கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு உரிய கெடுவுக்குள் கட்டியிருந்தால் தகுதி வந்திருக்கும். குழந்தை பற்றிய எண்ணம் இருக்கும் தம்பதியர் இந்தக் கணக்கை ஓராண்டுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

தொகையும் அதே பன்னிரண்டு மாதங்களிலிருந்தே வருகிறது. அவற்றில் உயர்ந்த ஆறு மாதங்களின் கணக்குச் சம்பளத்தைக் கூட்டி, 180 ஆல் வகுத்தால் ஒரு நாள் தொகை கிடைக்கும். நம் காசாளருக்கு ஆறு மாதமும் 18,500 என்றால், கூட்டுத்தொகை 1,11,000, நாளுக்கு 616.67 பெசோ. 2019-ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 11210 தரும் 105 நாள் விடுப்புக்கு அது 64,750 பெசோ ஆகிறது. மூன்று மாதம் மட்டும் கட்டியிருந்தாலும் 180 ஆல்தான் வகுப்பார்கள். எனவே அவருக்குப் பாதித் தொகையே கிடைக்கும். தகுதிக்கு மூன்று மாதம் போதும், முழுத் தொகைக்கு ஆறு மாதம் வேண்டும்.

நோய்க்கால உதவிக்கும் இதே அரையாண்டு விதிதான். நாள் தொகையில் 90 சதவீதம் தருவார்கள், ஆண்டுக்கு 120 நாள் வரை. தன் தவறின்றி வேலையிழந்தவருக்கு இரண்டு மாதம் வரை சராசரிக் கணக்குச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். அதற்கு மொத்தம் 36 மாதச் சந்தாவும், அதில் 12 மாதம் வேலையிழப்புக்கு முந்தைய 18 மாதங்களுக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஓய்வூதியத்தில் பத்தும் இருபதும்

120 மாதம் கட்டினால் ஓய்வூதியம் உண்டு என்பது பிலிப்பைன்ஸில் எல்லாருக்கும் தெரியும். அந்த அளவோடு நிறுத்திவிடுவது சரியா என்பதைச் சூத்திரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாத ஓய்வூதியத்தைச் சில வழிகளில் கணக்கிட்டு, அதிகமானதைத் தருகிறார்கள். முதல் வழி: 300 பெசோ, சராசரிக் கணக்குச் சம்பளத்தில் 20 சதவீதம், பத்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம், இவற்றின் கூட்டுத்தொகை. இரண்டாம் வழி: சராசரியில் நேராக 40 சதவீதம். மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு 1,200 அல்லது 2,400 பெசோ என்ற தரைமட்டத் தொகையும் உண்டு. இப்படி வரும் தொகையோடு, 2017 முதல் எல்லா ஓய்வூதியத்திலும் கூடுதலாக 1,000 பெசோ சேர்கிறது.

சராசரி 18,000 என்று கொண்டால், பத்தாண்டு கட்டியவருக்கு முதல் வழியில் 3,900, இரண்டாம் வழியில் 7,200. எனவே, கூடுதல் 1,000 பெசோவைச் சேர்க்காமல், கிடைப்பது 7,200. பத்தொன்பது ஆண்டு கட்டியவருக்கு முதல் வழியில் 7,140 மட்டுமே வருவதால் அவருக்கும் அதே 7,200. இருபதாம் ஆண்டில் முதல் வழி 7,500 ஆகி மேலேறுகிறது, இருபத்தைந்தில் 9,300, முப்பதில் 11,100. ஆகவே சராசரி மாறாதவரை, பத்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையில் ஓய்வூதியம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது, அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பேசத் தொடங்குகிறது. பதினேழு, பதினெட்டு ஆண்டு கட்டிவிட்டுச் சலிப்பில் நிறுத்துபவர்களே இதில் அதிகம் இழக்கிறார்கள். இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தால் கட்டிய வருடங்கள் பலன் தர ஆரம்பித்துவிடும். ஓர் ஆண்டில் ஆறு மாதமாவது சந்தா இருந்தால்தான் அது ஓர் ஆண்டாக எண்ணப்படும் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

சராசரி என்பது கடைசி 60 மாதங்களின் சராசரி, மொத்தக் காலத்தின் சராசரி ஆகிய இரண்டில் உயர்ந்தது. கடைசி ஐந்தாண்டில் மட்டும் சந்தாவைத் திடீரென்று உயர்த்தி லாபம் பார்க்கும் எண்ணத்தைத் தடுக்க, 55 வயதைக் கடந்து தாமாகக் கட்டுபவர்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு படி மட்டுமே ஏற முடியும் என்று வைத்திருக்கிறார்கள். எனவே உயர்த்த நினைப்பவர் அதற்கு முன்பே உயர்த்த வேண்டும். வேலையை விட்டவர் 60 வயதிலும், வேலையில் இருப்பவர் 65 வயதிலும் ஓய்வூதியம் பெறலாம். 120 மாதம் நிறையாதவர் தன்னார்வ உறுப்பினராகத் தொடர்ந்து நிறைவு செய்யலாம். இல்லையேல் கட்டியது வட்டியுடன் ஒரே தொகையாகத் திரும்ப வரும்.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா

சம்பளத்தில் பிடித்தம் நடந்திருப்பது வேறு, எஸ்.எஸ்.எஸ். கணக்கில் பதிவாகியிருப்பது வேறு. மை.எஸ்.எஸ்.எஸ். கணக்கில் சந்தாப் பட்டியலைத் திறந்து இரண்டைப் பார்க்க வேண்டும்: மாதம் விடுபட்டிருக்கிறதா, பதிவான கணக்குச் சம்பளம் உண்மைச் சம்பளத்தோடு ஒத்துப்போகிறதா. விடுபட்ட மாதம் பளிச்சென்று தெரிந்துவிடும். 18,500-க்குப் பதில் 10,000 என்று குறைத்துக் காட்டியிருப்பது, பட்டியல் முழுதாக நிரம்பியிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். பிரசவத் தொகையையும் ஓய்வூதியத்தையும் அது சத்தமில்லாமல் பாதியாக்கும். ஜனவரி சந்தா மார்ச் நடுவிலும் பதிவாகாவிட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் சம்பளச் சீட்டுகளின் நகல்களோடு அருகிலுள்ள எஸ்.எஸ்.எஸ். கிளையில் புகார் தரலாம்.

இந்த விஷயத்தில் சட்டம் தொழிலாளியின் பக்கம் உறுதியாக நிற்கிறது. நிறுவனம் கட்டத் தவறியது தொழிலாளியின் உரிமையைப் பாதிக்காது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. கட்டாத தொகைக்கு மாதம் 2 சதவீதம் அபராதம் உண்டு. குறைத்துக் காட்டியதால் தொழிலாளிக்கு ஏற்பட்ட இழப்பை நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும். விதியை மீறுபவருக்கு 5,000 முதல் 20,000 பெசோ வரை அபராதமும், ஆறு ஆண்டு ஒரு நாள் முதல் பன்னிரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும். சம்பளத்தில் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் வைத்துக்கொண்டால் அது கையாடலாகவே கருதப்படும். வழக்குத் தொடர இருபது ஆண்டு அவகாசம் இருப்பதால், வேலையை விட்டு வெகுநாள் ஆன பிறகும் சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியக் கூடாது.

கடைசியாக, ஆவணம் பற்றி ஒன்று. 36 மாதச் சந்தாவுடன் ஒருவர் இறந்தால், சட்டப்படியான துணைக்கும் சார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு. வேலையில் சேர்ந்த இருபது வயதில் பெற்றோரின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தவர், திருமணத்துக்கும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்புக்கும் பிறகு இ-4 படிவத்தைச் சான்றிதழ்களோடு கொடுத்து விவரங்களைத் திருத்த வேண்டும். பெயரின் எழுத்துகளும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எஸ்.எஸ்.எஸ். பதிவிலும் இருக்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் அதே படிவத்தில் சரிசெய்துவிடலாம்.