இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய எஞ்சினில் ஆயில் குறையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் தொண்டி, மண்டபம், பாம்பன் பக்கத்து மீன் வண்டிகள் பலவும் நிழல் பார்த்து நிறுத்தப்பட்டுவிடும். தடை முடிந்து ஓட்டம் தொடங்கியதும் ஒர்க்‌ஷாப்புகளில் கேட்கும் புகார், "அண்ணே, வண்டி ஆயில் குடிக்குது" என்பதுதான். குடிக்கிறது என்ற இந்த ஒரு சொல்லுக்குள், எஞ்சினுக்கு வெளியே ஒழுகுவதும் உள்ளே எரிந்து புகையாகப் போவதும் ஆகிய இரு வேறு கோளாறுகள் அடங்கியுள்ளன. ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே ஸ்பேனரை எடுப்பதுதான் பெரும்பாலான வீண்செலவுக்குக் காரணம் என்பது, பழைய டீசல் பிக்கப் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் எனது அனுபவம்.

எவ்வளவு குறைகிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். சாலையோரச் சரிவில் நிறுத்தியபடியோ, எஞ்சினை அணைத்த மறுநொடியிலோ ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அளவு தவறாகவே காட்டும். ஆயில் முழுவதும் எஞ்சினின் அடித்தொட்டியான சேம்பருக்கு இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். சமதரையில் நிறுத்தி, மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதே சரியான முறை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய் வந்தால் ஏறத்தாழ 110 கி.மீ.; ஒன்பது நடையில் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைவதைச் சில தயாரிப்பாளர்களே ஏற்கத்தக்க உச்ச வரம்பாகக் கொள்கிறார்கள். ஆகவே, வயதான எஞ்சின் கால் லிட்டர் கேட்டால் பதறத் தேவையில்லை. சென்ற மாதம் கால் லிட்டர் கேட்டது இந்த மாதம் முக்கால் லிட்டர் கேட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும், அப்போது ஊற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும் வேளையில் பேரிங்குகளுக்கு ஆயில் போதாமல் போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, குறைந்துவிடுமோ என்ற பயத்தில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சுழலும்போது ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். அந்த நுரை, எஞ்சினுள் சேரும் வாயு வெளியேறும் குழாயான பிரீதர் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் ஏறும். டீசல் எஞ்சினில் இது மிகுந்துவிட்டால், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓடிக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு. ஊற்றாமலேயே அளவு கூடுகிறதென்றால் மகிழ வேண்டாம். டீசலோ கூலன்ட்டோ உள்ளே கலக்கிறது என்பது அதன் பொருள்.

ஒழுகலின் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஆயில் சொட்டும் இடமும் அது கசியும் இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. கசிந்த ஆயில் கீழே வழியும். ஓடும்போது வீசும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். பாம்பன் பாலத்தின் பக்கக்காற்று போதாக்குறைக்கு வேறொரு மூலைக்குக் கொண்டுபோகும். ஒருமுறை எனது வண்டியில் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில் சொட்டியது. "பின் கிராங்க் சீல் போயிருச்சு அண்ணே, கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார் முதலில் பார்த்தவர். கிராங்க் முனையில் ஆயிலைத் தடுக்கும் அந்த ரப்பர் வளையத்தை மாற்றுவது இரண்டு நாள் வேலை என்பதால் நான் தயங்கினேன். பிறகு, எஞ்சினின் பின்பக்கத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் முகப் பவுடரை மெல்லத் தூவி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளைப் பவுடரின் மேல் பென்சில் கோடு போட்டதுபோல ஒரு பழுப்புத் தடம், எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் விளிம்பில் போய்த் துளியாக நின்றது. அந்த மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங்கை மாற்றியதோடு வேலை முடிந்தது. நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமானது எது என்று தேடுவதுதான் விதி. மீன் வண்டிக்காரர்கள், கீழே சொட்டுவது ஆயில்தானா, பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரா என்பதையும் ஓர் அட்டையை விரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சீல் மாற்றி இரண்டே மாதத்தில் மறுபடியும் ஒழுகினால் சீலின் தரத்தைப் பழிப்பது வழக்கம். பிரீதர் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேற வழியில்லாமல் போனால், உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் மெலிந்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைக் கவனமாகத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருவதை நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிரீதர் குழாயையும் அதன் வால்வையும் சுத்தம் செய்த பிறகும் அது நீடித்தால் மட்டுமே ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. தகட்டுச் சேம்பர்கள் இங்கே வெளிப்பக்கத்திலிருந்து துருப்பிடித்து ஓட்டை விழுகின்றன. உப்புக் காற்று ஒரு பக்கம் இருக்க, மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீரும் அதன் மேலேயே வழிகிறது. துருவைப் போக்குகிறேன் என்று உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது, எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதுதான். கடைசியாக ஒருமுறையேனும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். பொருக்குத் தட்டிய சேம்பரை வழியில் நிறுத்தி ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பார்க்கவும் கூடாது. பொருக்கு மட்டுமே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை திறந்துகொள்ளும். எம்-சீல் என்ற ஒட்டுப் பசையைப் பூசுவது வீடு வந்து சேர உதவலாம், ஆனால் ஆயில் பிசுக்கின் மேல் அது நிலைத்துப் பிடிக்காது.

பேக்கிங்குக்குப் பசை அதிகம் வைப்பதைச் சிக்கனமாக நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துண்டுகள் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் போடாமல் இறுக்கி இறுக்கி மரையைக் கெடுப்பதும், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதியதை அதன் மேல் பூட்டுவதும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

வெளியே ஈரமே இல்லாமல் ஆயில் குறைந்தால், நீலப் புகை எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை விட்டு அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். லோடு ஏற்றி மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங் மீதோ, பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரான போர் மீதோ சந்தேகம் கொள்ளலாம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ உள்ள வண்டியானால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கக் கூடாது. பல எஞ்சின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டைக் கழற்றாமலேயே வால்வு சீலை மாற்ற முடியும். ரிங்தான் காரணம் என்று உறுதியானாலும், போர் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் ரிங் மட்டும் மாற்றினால், சில மாதங்களில் பழைய கதைதான்.

அந்தத் தேய்மானத்துக்கு இங்கே மணலும் ஒரு காரணம். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை போகும் சாலையில் காற்றடிக்கும் நாளில் மணல் பாம்புபோல ஊர்ந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏர் ஃபில்டரைப் பெட்ரோல் பங்க்கில் காற்றுக் குழாயால் அடித்து அடித்துப் பயன்படுத்துவதால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே போகும் பொடி மணல் போரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்திருந்தாலும் இதே விளைவுதான்.

ஆயிலின் தடிமனை ஏற்றுவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 15டபிள்யூ40 ஊற்றும் பழைய எஞ்சினுக்கு, கையேடு அனுமதித்தால், 20டபிள்யூ50 ஊற்றுவதில் நம் வெக்கைக்குப் பெரிய கேடு இல்லை. புகை கொஞ்சம் குறையும். ஆனால் அது பழுது நீக்கம் ஆகாது. பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் இந்த விளையாட்டே வேண்டாம். அவற்றுக்குச் சாம்பல் குறைவான, குறிப்பிட்ட தர ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லையெனில் புகைபோக்கியில் உள்ள துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சேம்பரில் டீசலை ஊற்றி ஓடவிட்டுக் கழுவும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். ஒட்டியிருந்த கசடு பாளம் பாளமாகப் பெயர்ந்து சல்லடைக்குப் போகும். தங்கிவிடும் டீசல் புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

நிறுத்தி வைத்திருக்கும் வண்டியைத் தினமும் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுவதால் பயனில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரமும் டீசலும் ஆயிலிலேயே தங்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவது மேல். தடை முடிவதற்கு முந்தைய இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரம் நிற்கும் இடத்தை அதில் குறித்து வைத்துவிடுங்கள். விடிந்ததும் கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து மேல்நோக்கித் தேடத் தொடங்கலாம்.