மின்னஞ்சலில் ‘டவுட்’ என்று எழுதும் முன்

பிரிட்டனுக்கு வந்த முதல் மாதம் என் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ரிப்போர்ட்.’ பத்து நிமிடத்தில் என் மேசைக்கே வந்துவிட்டார். அறிக்கையில் எங்கே தப்பு என்று கவலையோடு கேட்டார். எனக்கு ஒரு அட்டவணை புரியவில்லை, அவ்வளவுதான்.

நாம் ஒருவர்மேல் சந்தேகப்படுவோம், வாத்தியாரிடம் சந்தேகமும் கேட்போம். இங்கே ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மைதான். விளக்கம் வேண்டுமென்றால் ‘ஐ ஹேவ் எ க்வெஸ்டின் அபௌட்’ என்று தொடங்குங்கள். அதேபோல ‘ப்ளீஸ் ரிவர்ட்’ வேண்டாம், ‘ரிப்ளை’ போதும். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. கல்லூரி முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்று எழுதினால் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள்.

‘டூ தி நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே எழுதியதுதான். எனவே அதை எழுதியதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் இன்று அவர்கள் அப்படி எழுதுவதில்லை. என்ன வேண்டுமோ அதையே கேளுங்கள்: ‘குட் யூ சைன் தி ஃபார்ம் பை ஃப்ரைடே, ப்ளீஸ்?’

இந்த ‘குட் யூ’வை முதலில் பழகிக்கொள்ளுங்கள். ‘அனுப்புங்கள்’ என்னும்போது தமிழில் வினைச்சொல்லிலேயே மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘செண்ட்’ மொட்டையாக நிற்கும். முன்னால் ‘ப்ளீஸ்’ போட்டாலும் பல சமயம் கட்டளையாகவே தெரியும். கேள்வியாக மாற்றினால்தான் அந்த ‘ங்கள்’ வரும். முடியாது என்று சொல்லவும் ஒரு வழி உண்டு: ‘ஐ அம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் கம் டுமாரோ.’ இதில் பயம் எதுவும் இல்லை, நம் ‘மன்னிக்கணும்’ மாதிரிதான்.

‘ரெஸ்பெக்டெட் சார்’ வேண்டாம். மேலாளரைப் பெயர் சொல்லி எழுத முதலில் கை கூசும். சக ஊழியர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். முடிவில் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ போடலாம். முறையான கடிதத்தில் மட்டும், ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’, பெயர் போட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’.

அப்புறம், உங்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் நல்ல வாக்கியம் கண்ணில் பட்டால் முழுசாக எடுத்து வையுங்கள். தனிச்சொல்லாக எடுத்தால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’க்குப் பிறகு ‘ஹியர்’ என்று எழுதிவிடுவோம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முழுசாக மனதில் பதிந்துவிட்டால் இலக்கணத்தை யோசிக்கவே வேண்டியிருக்காது.