நியூசிலாந்து போகும் பெங்களூர் அம்மா அப்பாக்களே, பெட்டியை இப்படிக் கட்டுங்கள்

ஆக்லாந்தில் இருக்கிற மகளையோ மகனையோ பார்க்கக் கிளம்புகிறீர்களா? விசா, டிக்கெட் எல்லாம் முடிந்ததா? சரி, இனி பெட்டிக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இறங்கியதும் சிக்கல் வருவது பெட்டியால்தான்.

முதல் வேலை படிவம். ‘டிராவலர் டிக்ளரேஷன்’ என்பார்கள். கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்பலாம், காசு கிடையாது. கட்டணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள். உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று போடுங்கள். ஒரு பாக்கெட் முறுக்கு மட்டும் இருந்தாலும் ஆமாம்தான். சொல்லிவிட்டால் அபராதம் இல்லை. அதிகாரி பார்ப்பார், ஆகாததை எடுத்துக்கொள்வார், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொல்லாமல் விட்டு ஒரே ஒரு ஆப்பிள் சிக்கினாலும் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், மறந்துவிட்டேன் என்பதெல்லாம் எடுபடாது. வேண்டுமென்றே ஒளித்துக் கொண்டுவந்ததாகத் தெரிந்தால் வழக்கு. 1,00,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபம் வரும். நம் ஊர் மாம்பழத்தை வெட்டினால் சில சமயம் உள்ளே வெள்ளைப் புழு நெளியும் இல்லையா, அது பழ ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தது. அந்த ஈ நியூசிலாந்தில் இல்லை. 2025 ஜனவரியில் ஆக்லாந்தின் பாப்பாடோய்டோய் பகுதியில், நம் இந்தியக் கடைகள் நிறைய இருக்கிற அதே இடத்தில், பொறியில் ஒரே ஒரு ஆண் ஈ மாட்டியது. அதற்கே அந்தப் பகுதியிலிருந்து பழம், காய்களை வெளியே எடுத்துப்போகத் தடை போட்டார்கள். அவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது: 2010-ல் டெ புகே என்ற ஊரில் கிவிப்பழக் கொடிகளைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோய் தலைகாட்டியது, தோட்டம் தோட்டமாகக் கொடிகளை வெட்டிப் போட வேண்டியதாயிற்று. பாலும் பழமும் விற்றுப் பிழைக்கிற தீவு நாடு அது. நம் ஊர் மாடுகளை வாட்டுகிற கோமாரி அங்கே ஒருமுறைகூட வந்ததில்லை, வரவும் கூடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போகும் பழக்கத்தை இந்த நாட்டுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களையே சாகடிக்கிற ஒரு நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். வெற்றிலை, வாழையிலை, மல்லிகைச் சரம், பழம் எல்லாவற்றுக்கும் அதே பதில். தேன் கூடாது, தேன் கலந்த லேகியமும் சியவனப்ராஷும் அதே கணக்குதான். பால் சேர்ந்த பண்டமும் வேண்டாம், பால்கோவா, தார்வாட் பேடாவை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மோர்மிளகாயில் மோர் இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றவே தோன்றாது, அதையும் விட்டுவிடலாம்.

வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, அப்பளம், ஊறுகாய், கருவாடு எது எடுத்தாலும் படிவத்தில் சொல்லுங்கள். மில்லில் அரைத்த பொடியைப் பெயரில்லாத கவரில் கட்டாமல், மூடி இறுகிய டப்பாவில் போட்டு, உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். முழுப் பருப்பு, வெந்தயம், கடுகு, எள் என்றால் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக வாங்குவது நல்லது. தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு நம் பக்கத்துப் பூச்சிதான், அதன் புழு தீனியே இல்லாமல் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உண்மையைச் சொன்னால், பருப்பைச் சுமக்கவே வேண்டாம், ஆக்லாந்தில் எல்லாப் பருப்பும் கிடைக்கிறது.

பேரனுக்கு மிருதங்கம் கொண்டுபோகிறீர்கள் என்றால் அதில் தோல் இருக்கிறது, கட்டாயம் சொல்ல வேண்டும். ருத்ராட்ச மாலை, ஓலைப்பெட்டி, மரச்சாமான் எல்லாம் அப்படியே.

செருப்பையும் ஷூவையும் மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நந்தி மலைக்கோ சாவனதுர்காவுக்கோ போட்டுப்போன ஷூவின் அடியில் செம்மண் ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கடைசியில் பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். உணவு டப்பாக்களையும் ஒரே பெட்டியில் மேலாகவே அடுக்குங்கள், அங்கே திறந்து காட்டச் சொன்னால் புடவையை எல்லாம் கலைக்க வேண்டியிருக்காது.

சிங்கப்பூரிலோ வேறெங்கோ மாறி ஏறும் விமானத்தில் வாழைப்பழமோ சாண்ட்விச்சோ கொடுத்தால் அங்கேயே சாப்பிடுங்கள், கைப்பையில் போடாதீர்கள். இறங்கி நடக்கும் வழியில் பெரிய தொட்டிகள் இருக்கும், சந்தேகமாக இருக்கிற எதையும் அதில் போட்டுவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெட்டி எடுக்கும் இடத்தில் மோப்ப நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பதற வேண்டாம். பையைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள், நாயோடு வருகிற அதிகாரி கேட்டுக்கொள்வார்.

ஊருக்குள் போன பிறகும் கொஞ்சம் கவனம் வேண்டும். கௌரி (kauri) என்ற அந்த நாட்டு மரம் வளரும் காடுகளின் வாசலில் ஷூ கழுவ பிரஷும் மருந்துத் தெளிப்பானும் வைத்திருப்பார்கள். மண்ணில் ஒட்டிப் பரவும் ஒரு கிருமி அந்த மரங்களை வேரிலிருந்து கொல்கிறது, அதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் உள்ளே போகும்போதும் வரும்போதும் நின்று கழுவுங்கள், கூட வருகிறவர்களையும் கழுவச் சொல்லுங்கள். தென்தீவு ஆறுகளில் 2004 முதல் டிடிமோ என்ற பாசி இருக்கிறது, வடதீவுக்கு அது இன்னும் வரவில்லை. ஓர் ஆற்றில் கால் நனைத்தால் அடுத்த ஆற்றுக்குப் போகுமுன் செருப்பு, துணி எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள், அல்லது நன்றாகக் காய்ந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் உலரவிடுங்கள்.